எதிர்வீடு இல்லாத வீடு

சென்ற மே மாதத்தில் ஒரு நாள் என் பழைய மாணவி கூப்பிட்டாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. சம்பளத்தைச் சொன்னாள், மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்து அவள் கேட்டது இது: "அம்மா, தி.நகர்ல லேடீஸ் ஹாஸ்டல்ல சேரட்டுமா, இல்ல கூடுவாஞ்சேரிப் பக்கம் வீடு எடுக்கட்டுமா? வீட்ல ஹாஸ்டல்னு சொல்றாங்க. எனக்கு வீடு வேணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வாடகை, அட்வான்ஸ், ரயில் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்து அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நகரமா புறநகரமா என்பது பெண்ணுக்கு ஒருநாளும் வெறும் கணக்காக இருந்ததில்லை. யார் கண்ணெதிரே வாழ்வது என்பதும் அதில் கலந்திருக்கிறது. அந்தக் கேள்வியோடு இரண்டு மாதம் நூலகத்திலும் என் நினைவுகளிலும் அலைந்ததில் எழுதியது இது. அவளுக்கு எழுதத் தொடங்கி, கட்டுரையாகிவிட்டது.

தமிழ் படித்தவள் எங்கிருந்து தொடங்குவேன்? சிலப்பதிகாரத்திலிருந்துதான். புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நேரே நுழைந்துவிடவில்லை. வையையைக் கடந்து, மதிலுக்கு வெளியே அறவோர் வாழும் புறஞ்சேரியில் தங்குகிறார்கள். கவுந்தியடிகள் கோவலனைப் பற்றிச் சொல்வதை இன்றைய வீடு தேடும் படலத்தோடு சேர்த்துப் படித்தால் திடுக்கிடும். நகருக்குள் அவன் குலத்து வணிகர்கள் இருக்கிறார்கள், அவன் தந்தையின் பெயர் தெரிந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்கிறார் அவர். மதிலுக்கு உள்ளே இடம் பிடிக்கத் தகப்பன் பெயர் வேண்டும்.

அந்த நேரத்தில்தான் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் மாதரி வருகிறாள். ஆயர் குலத்து முதுமகள். கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார் கவுந்தி. நமக்குப் பாடம் நடத்தியவர்கள் அடைக்கலத்தின் பெருமையைச் சொன்னார்கள். ஆனால் மாதரி கொடுத்த வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆய்ச்சியர் கூட்டமாக வாழும் இருக்கையில் அவள் கண்ணகியைச் சேர்க்கவில்லை. செம்மண் பூசிய, முன்னால் பந்தல் போட்ட, காவலுள்ள தனிச் சிறுவீடு ஒன்றைக் கொடுக்கிறாள். வந்தவர்கள் சாவக நோன்பிகள், பொழுது சாயும் முன்பே உண்பவர்கள் என்று தெரிந்து, அவர்களே சமைத்துக்கொள்ளக் கலங்களும் காயும் பழமும் அரிசியும் பாலும் நெய்யும் தரச் செய்கிறாள். துணைக்குத் தன் மகள் ஐயையை விடுகிறாள். குடிவந்தவளின் உணவுப் பழக்கத்துக்கு வீட்டுக்காரி இடம் கொடுத்தது நம் இலக்கியத்தில் இருக்கிறது. இன்று நம் தெருக்களில் தொங்கும் பலகைகளோ 'வெஜிடேரியன் மட்டும்' என்கின்றன.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த அடைக்கலமும் ஒரு கணவனோடு வந்த பெண்ணுக்குத்தான் கிடைத்தது. அவன் கொலையுண்ட செய்தி வந்தபின் கண்ணகி அந்த வீட்டில் இருக்கவில்லை. அடைக்கலப் பொருளைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் இறங்கினாள். கணவன் இல்லாத பெண்ணுக்கு எந்த வீடு என்ற கேள்விக்குக் காப்பியத்தில் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைச் சென்னைப் பட்டணம் நேருக்கு நேர் சந்தித்தது 1912இல். 1886இல் பிறந்து, பதினோரு வயதில் கைம்பெண்ணாகி, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, எழும்பூரில் நான்கு இளம் விதவைகளோடு ஒரு வீட்டில் வாழத் தொடங்கினார். நோக்கம் படிப்பு. எதிரே வந்தாலே சகுனத்தடை என்று கருதப்பட்ட பெண்கள், ஒருவர் அல்ல, ஒரு வீடு நிறைய. எண்ணிக்கை கூடக்கூட பெரிய இடம் தேவைப்பட்டது. கடைசியில் அமைந்தது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1840களில் கட்டிய கட்டடம் அது. பிறகு பிலிகிரி அய்யங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அவர் பெயரால் விளங்குகிறது. பிறகு அரசு அதை வாங்கி, விதவைப் பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதியாக்கியது.

அந்தக் கட்டடத்தின் முன் நான் பல மாலைகள் நின்றிருக்கிறேன். வட்டமான முகப்பு. எதிரே சாலை, மணல், கடல். எதிர்வீடு இல்லை. திருவல்லிக்கேணியின் ஒடுங்கிய தெருக்களில் நடந்து வந்து பாருங்கள், இதன் பொருள் உடனே தெரியும். அங்கே எல்லா வீட்டுக்கும் எதிர்த்திண்ணை ஒன்று உண்டு. யார் எப்போது வெளியே போனார்கள், தலையில் பூ இருந்ததா, திரும்பும்போது யார் கூட வந்தார்கள் என்பதெல்லாம் அந்தத் திண்ணையில் பதிவாகும். கடலைப் பார்த்த வீட்டுக்கு அந்தப் பதிவேடு கிடையாது. இடத்தை அப்படித் தேர்ந்தார்களா, அப்படி அமைந்ததா என்பதைவிட, அங்கே அந்தப் பெண்கள் படித்து ஆசிரியர்கள் ஆனார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விடுதி பார்ப்பன விதவைகளுக்கானது. சீர்திருத்தத்தின் வாசலிலும் சாதி நின்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவை 1930 வாக்கில் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மூவர் தட்டியபோது, நகரத்தில் எந்தச் சாதி விடுதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. சட்டமன்றத்தில் அமர்ந்த, தேவதாசி முறையை ஒழிக்க வாதாடிய மருத்துவராலேயே மூன்று பெண்களுக்கு ஓர் அறை வாங்கித் தர முடியவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அடையாறு அவ்வை இல்லம் அப்படித் தொடங்கியது. அன்றைய அடையாறு ஆற்றுக்கு அப்பால், தோப்பும் வயலுமாக இருந்த ஊர்ப்புறம். நகரத்துக்குள் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு மறுபடியும் ஒரு புறஞ்சேரி.

அதே ஆண்டுகளில் நகரம் தெற்கே நீளத் தொடங்கியது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. இந்த வரலாற்றை எழுதியவர்கள் மனைகளையும் தண்டவாளங்களையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ரயிலில் ஏறிய பெண்களைப் பற்றிக் குறைவு.

ரயிலில் பெண்களுக்குத் தனிப்பெட்டி என்பது யாரோ இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு அல்ல, பழைய சட்டம். 1890ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டம், ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் கடைசி வகுப்பில் ஒரு பெட்டியறையாவது பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. ரயில் ஐம்பது மைலுக்கு மேல் போவதாக இருந்தால் அதில் கழிப்பறையும் வேண்டும் என்றது. ஐம்பது மைல் என்ற அந்த அளவை நினைத்துப் பாருங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் 18 மைல்தான். செங்கல்பட்டு வரை போனாலும் 40ஐத் தொடாது. புறநகர் ரயிலில் இன்றும் கழிப்பறை இல்லை. மாதவிலக்கு நாளில் மாலை ரயில் ஏறுகிற பெண், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். புறநகர் வாழ்க்கையின் செலவுக் கணக்கில் இதை எந்த வரியில் எழுதுவது?

என் கதைக்கு வருகிறேன். நான் 2006இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தேன். திருமணம் ஆகவில்லை, ஆகும் எண்ணமும் இல்லை. முதலில் திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷன். வாடகை 2,500, அட்வான்ஸ் பத்து மாதம். அந்த 25,000 ரூபாய்க்காக அம்மா தன் வளையலை அடகு வைத்தாள். தனக்கென ஓர் அறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியதை வகுப்பில் நானும் சொல்வதுண்டு. ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு வருமானமும் வேண்டும் என்று அவர் மறக்காமல் எழுதினார். பத்து மாத அட்வான்ஸ் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அது ஒண்டுக்குடித்தனம். ஏழு குடும்பங்கள், இரண்டு கழிப்பறைகள், முற்றத்தில் ஓர் அடிபம்பு. அந்தச் சொல்லே எவ்வளவு வெளிப்படையானது பாருங்கள்: ஒண்டி இருக்கிறோம், ஓரமாய், பிறர் தயவில். சென்னையின் எத்தனையோ நாவல்களும் சிறுகதைகளும் இந்த வீடுகளில் நடக்கின்றன. அவற்றில் ஆண்கள் வேலை தேடி அலைவார்கள், வராந்தாவில் பேப்பர் படிப்பார்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் பம்படியில் குடத்தோடு நின்றவர்கள் பெண்கள். கழிப்பறை வரிசையில் கடைசியில் நின்றவர்களும் அவர்களே. ஆண்கள் ஆபீஸுக்குப் போக வேண்டும் அல்லவா. ஆபீஸுக்குப் போகிற நானும் கடைசியில்தான் நின்றேன்.

ஆனால் அந்த வீட்டை வெறுக்க என்னால் முடியாது. எனக்கு டைபாய்டு வந்தபோது பின்கட்டுப் பாட்டி பதினைந்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதே பாட்டிதான் என்னைத் தேடி வந்த நண்பர் ஆணா பெண்ணா என்று ஓனரம்மாவுக்குச் சொன்னவளும். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தாள். இரவில் நான் எழுதுவேன். ஒரு நாள் ஓனரம்மா கூப்பிட்டு, "ராத்திரி ரெண்டு மணிக்கு உன் ரூம்ல லைட் எரியுதாமே, எதிர்வீட்டுல கேக்கறா" என்றார். கவிதை எழுதுகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்றேன். பிறகு ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி எழுதினேன். என் முதல் தொகுப்பில் பாதி அந்தப் போர்வைக்குப் பின்னால் எழுதியது. மூன்றாம் ஆண்டு, மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார்கள். அந்த மகனுக்கு அப்போது பதினாறு வயது.

ஊரப்பாக்கத்துக்குப் போனேன். வண்டலூருக்கு அடுத்த நிலையம். மூன்று அறை, சொந்தக் கழிப்பறை, வாடகை அதைவிடக் குறைவு. எதிரே காலிமனை, அதற்கப்பால் முள்செடி. இரவு முழுக்க விளக்கெரியலாம். முதல் வாரம் நான் எழுதவே இல்லை. கதவைத் திறந்து போட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நவம்பரில், ரயில் தாமதமாகி இரவு ஒன்பதரைக்கு இறங்கி நடந்தேன். நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், தெருவிளக்கு பாதிதான். ஒரு பைக் எனக்குப் பின்னால் மெதுவாக வந்தது. நான் நின்றால் நின்றது. கடைசியில் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை அங்கேயே நின்றேன். அப்போது எனக்குப் பின்கட்டுப் பாட்டியின் ஞாபகம் வந்தது. திருவல்லிக்கேணித் தெருவாக இருந்தால் அவள் ஒருத்தி போட்டிருக்கும் சத்தத்தில் பைக் பார்த்தசாரதி கோயில் குளம் வரை ஓடியிருக்கும். கண்காணிக்கும் கண்ணும் காக்கும் கண்ணும் ஒரே கண்ணாக இருப்பதுதான் நமக்கு வாய்த்த சிக்கல். இதற்கு நான் இன்னும் தெளிவான விடை கண்டுபிடிக்கவில்லை.

பாதை மாறாத அந்த ஒரு மணி நேர ரயில் எனக்கு வேறொரு உலகத்தைக் கொடுத்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். பெண்கள் பெட்டியில் கீரை ஆய்வார்கள், பூக் கட்டுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், சீட்டுப் பணம் எண்ணுவார்கள். வீட்டிலும் இல்லாத, அலுவலகத்திலும் இல்லாத பேச்சு அது. வரவேற்பாளர் ஒருத்தி சானடோரியம் வருவதற்குள் பிளவுஸுக்கு ஹெம்மிங் முடித்துவிடுவாள். என் தொகுப்பு வந்தபோது முதல் பத்துப் பிரதிகள் அந்தப் பெட்டியில்தான் விற்றன.

சட்டம் என்ன செய்தது என்று தேடினேன். சென்னை மாகாணத்தில் 1946, 1949, பிறகு 1960இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீடு காலியானால் உரிமையாளர் அரசு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்; அரசு தன் ஊழியர்களுக்காக அந்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம். யார் குடியேறலாம் என்பதில் அரசு கைவைக்க முடியும் என்பதற்கு இது சான்று. தனியார் சொத்து, நாம் தலையிட முடியாது என்று இன்று சொல்வது அரைகுறை உண்மை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றது. நல்லது. ஆனால் தனியாக வாழும் பெண், கணவனைப் பிரிந்தவள், திருநங்கை, தலித், முஸ்லிம் என்பதற்காக வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. அரசியலமைப்பின் 15(2) கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை. பெண்கள் விடுதிகளுக்கு 2014இல் தனிச் சட்டம் வந்தது. பதிவு, காப்பாளர், காவல் என்று அது பேசுவதெல்லாம் பாதுகாப்பு. தேவைதான். பெண்ணின் வசிப்பிடம் என்றாலே காவல் என்று மட்டும் யோசிக்கிற பழக்கம் மாதரி காலத்திலிருந்து மாறவில்லை.

நகரம் வேண்டுமா புறநகர் வேண்டுமா என்று கேட்கவே வாய்ப்பில்லாதவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் பொய் எழுதியவளாவேன். 2000 முதல், ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களைப் பெயர்த்துப் பழைய மாமல்லபுரம் சாலைக்குக் கொண்டுபோனார்கள். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். ஊர்விட்டு ஊர் வந்து மதிலுக்கு வெளியே தங்கியவளின் பெயரை, நகரத்திலிருந்து வெளியேற்றியவர்களுக்கு வைத்தது யார் யோசனையோ, சிலப்பதிகாரம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். (அடுத்த ஆண்டே மெரினாவிலிருந்து கண்ணகி சிலையையும் அகற்றினார்கள். சிலை 2006இல் திரும்பி வந்தது. மக்கள் வரவில்லை.)

எங்கள் கல்லூரியில் துப்புரவு வேலை பார்த்த அக்கா ஒருவர் அங்கே போனவர். முன்பு காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று கூடுதல் வேலை செய்வார். நடந்து போகிற தூரம். போன பிறகு பஸ் மாறி வர வேண்டும். அந்த நான்கு வீட்டு வேலையும் போயிற்று. "சொந்த வீடுன்னாங்க டீச்சர். வீடு இருக்கு, வேல அங்க இல்ல" என்றார். வேறு இடத்தில் வேலை கேட்டால் முகவரியைப் பார்த்தே தயங்குகிறார்கள் என்பார். நான் ஊரப்பாக்கத்தில் வாசற்படியில் அமர்ந்து அனுபவித்த வெளியும் அவர் மாடிவீட்டில் அடைபட்ட தூரமும் வரைபடத்தில் ஒன்றுதான், புறநகர். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது அவர் மறுபடி ஒரு வீட்டு வேலையைப் பிடித்தார். அரசு எத்தனையோ திட்டங்களுக்குச் செலவு செய்கிறது. ஒரு பெண்ணின் தூரத்தைக் குறைத்தது அந்த டிக்கெட்.

எல்லையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு விரிந்தது. பெருங்குடியில் குடியிருந்த என் தோழி புறநகரில் தூங்கி நகரத்தில் விழித்தாள். அடுத்த மாதமே வாடகையில் ஐந்நூறு கூட்டினார்கள், தண்ணீர் மட்டும் பழையபடி லாரியில் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரத்தில் தரைத்தள வாடகைவாசிகள் புத்தகத்தையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓனரின் மாடியில் ஏறினார்கள். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு குடும்ப அட்டையை வைத்து நியாயவிலைக் கடைகளில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அட்டை இல்லாதவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். என் பெயர் அப்போதும் அப்பாவின் அட்டையில், திருநெல்வேலியில் இருந்தது. பதினேழு ஆண்டு வாடகை கொடுத்த ஊரில் நான் எந்தக் குடும்பத்திலும் இல்லை. அதற்குப் பிறகுதான் தனி அட்டைக்கு எழுதிப் போட்டேன்.

இதையெல்லாம் மாணவிக்குச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள் என்று சொல்ல முடியாது. நடுவிலேயே, "அம்மா, நாங்க மூணு பேரு சேர்ந்து கூடுவாஞ்சேரில வீடு பாத்துட்டோம்" என்றாள். மூன்று பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி. ஓனர், பெற்றோர் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாராம். மூன்று வீட்டிலும் ஹாஸ்டல் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் நான் போனேன். பதினொரு மாத ஒப்பந்தம். சாட்சிக் கையெழுத்துக்குக் கீழே உறவுமுறை என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். ஓனர் நல்ல மனிதர்தான், காப்பி எல்லாம் கொடுத்தார். "நீங்க பொண்ணுங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். தமிழாசிரியர் என்று எழுதினேன். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அன்று இரவு பத்து மணிக்கு அவள் போன் செய்தாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், இன்னொருத்தி சிரிக்கும் சத்தம்.

"அம்மா, எதிர்ல காலிமனைதான். நாலு நாய் படுத்திருக்கு."

"தெருவிளக்கு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. எரியல. நாளைக்கு நகராட்சி ஆபீஸ்ல மனு கொடுக்கப் போறோம். மனு எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க."

பேனாவை எடுத்துக்கொள், சொல்கிறேன் என்றேன்.